சித்திரையில குருவி தேடி வந்த பேராண்டி

வா பேராண்டி, வேப்பமரத்தடியில உக்காரு. கழுத்துல தொங்குறது பைனாகுலரா? சரி. கோடை லீவுல 'இன்டர்ன்ஷிப்'பாம். ஊர்ச்சனத்துக்கு மீன் பிடிக்கவும் பறவை பார்க்கவும் சொல்லிக் குடுக்கப் போறியாம். சொல்லு, சொல்லு. எங்களுக்கும் பொழுது போகணும்ல.

ஒண்ணு கேக்கேன். சித்திரையில எந்தக் கண்மாயில தண்ணி கெடக்குனு ஒனக்கு யாரு சொன்னா? அமெரிக்காவுல கோடைன்னா பூங்காக் குளத்துல பிள்ளைக தூண்டிலோட உக்காரும். கோவில்பட்டியில அது நடக்குமா? இங்க ஐப்பசி, கார்த்திகையில பேயுறதுதான் மழை. சித்திரையில கரிசல் கால் நொழையுற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும். அதுல தூண்டில் போட்டா எலிதான் மாட்டும்.

மீனுக்கு இங்க மாசி, பங்குனி. தண்ணி வத்தி முழங்காலுக்கு வந்ததும் தண்டோரா போடுவாக. ஊத்தாவைத் தூக்கிட்டு ஊரே எறங்கும். ஊத்தா பார்த்திருக்கியா? ரெண்டு பக்கமும் வாய் தொறந்த கூடை. அடிவாய் அகலம், மேல்வாய் கை நொழையுற அளவு. கலங்கல் தண்ணியில சக்குனு அமுக்கணும். உள்ள மோதுனா மீன் இருக்கு. மேல்வாயில கையை விட்டுத் துழாவு. விரால்னா வழுக்கும். கெளுத்தின்னா முள்ளு ஏறி ராத்திரி பூராம் கடுக்கும். இதுக்கு எந்தக் காலேசுல சர்ட்டிபிகேட்டு தாராக? நீ வந்து சேர்றதுக்குள்ள இந்த வருசக் குழம்பும் ஆறிப்போச்சு.

பறவையா? சின்னதுல எங்களைக் கவணோட பரண்ல ஏத்தி விட்ருவாக. கதிர் முத்துற நேரம் பார்த்துச் சோளக்குருவி கூட்டமா எறங்கும். மத்திய ஆசியாவுல இருந்து வருதுனு நீ படிச்சிருப்ப. எந்தக் காட்டுல எறங்கும்னு எங்களுக்குத் தெரியும். கதிரையும் தின்னும், வெட்டுக்கிளியையும் தின்னும். திட்டவும் முடியாது, கும்பிடவும் முடியாது.

கூந்தன்குளத்தைப் போய்ப் பாரு. சர்க்கார் அதைச் சரணாலயம்னு அறிவிச்சது 1994-ல. அதுக்கு ரொம்ப முந்தியே வீட்டு மரத்துல நாரை கூடு கட்டுனா அந்த ஊர்க்காரங்க வெரட்ட மாட்டாக. தீவாளிக்கு வெடி போட மாட்டாக. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்னு அவுகளுக்குத் தெரியும். எந்த விழிப்புணர்வு முகாம்ல சொல்லிக் குடுத்தாக?

படிச்சவுகள்லயும் வெவரமானவுக உண்டுப்பா. மணிமுத்தாறுல அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம்னு ஒண்ணு இருக்கு. நெல்லை, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர் சங்கத்துக்காரங்களைச் சேத்துக்கிட்டு 2011-லிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவை எண்ணுதாக. காலேசுப் பிள்ளைகளும் போகுது. எப்ப எண்ணுதாக? சனவரியில! குளம் நெறஞ்சு, இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து எறங்கியிருக்கும் நேரம்.

நீயும் தையில வா. பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேத்துக் கேளு. வாத்தியார் தரமாட்டேன்னா அவரையும் கூட்டிட்டு வா, நான் பேசிக்கிடுதேன்.