கொல்லிமலையை கேமுக்குள் இறக்குவது எப்படி?

கேமுக்கு ஒரு மலை வேண்டுமென்றால் மவுஸைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தால் போதும், மலை எழுந்துவிடும். அது சோம்பேறிகளின் வழி. நீங்கள் உண்மை விரும்பி. ஆகவே, “விண்வெளியிலிருந்து அளந்த அசல் உயரத் தரவை வைத்துத்தான் கட்டுவேன், ஒரு கல்லைக்கூடக் கற்பனையாக வைக்க மாட்டேன்” என்று முதலில் சபதம் எடுங்கள். அதை நாலு பேர் காதில் விழும்படி சொல்வது முக்கியம். பின்வாங்க வழி இருந்தால் இந்த வேலை நடக்காது.

எவரெஸ்ட் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். கொல்லிமலையை எடுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் படிக்கு மேல் இறங்கிப் பார்க்க வேண்டிய ஆகாயகங்கை, பக்கத்திலேயே சித்தர் குகை. இவற்றில் எது கேமுக்குள் வந்து சேரும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

தரவுக்குச் செலவில்லை. 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை வெளியே நீட்டிக்கொண்டு, 11 நாள் பயணத்தில் பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை ரேடாரால் அளந்துவிட்டு வந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அமெரிக்கா அந்தத் துல்லியத்தைத் தன் நிலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாடுகளுக்கு 90 மீட்டர் தரவையே கொடுத்தது. 2014-க்குப் பிறகுதான் நம் மலைகளும் முழுத் துல்லியத்தில் கிடைத்தன. நீங்கள் தேட வேண்டிய ஃபைலின் பெயர் என்11இ078. சேலம், நாமக்கல், ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலை எல்லாம் இந்த ஒரே ஃபைலில், 26 எம்பிக்குள் அடக்கம். ஒரு சினிமாப் பாட்டு வீடியோகூட இதைவிடப் பெரிது.

திறக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு உயரமும் இரண்டு பைட்டுகளாக, பெரிய பைட் முன்னால் வரும்படி எழுதப்பட்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிப் படிக்கும். அப்போது 300 மீட்டர் உயர நிலம் 11,265 மீட்டராகும். அடுத்த புள்ளியில் உள்ள 301 மீட்டர் 11,521 ஆகும். சாலையோரத்து நிலக்கடலைக் காடு எவரெஸ்டைத் தாண்டிவிடும். பதற வேண்டாம். உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து டீசர் என்று வெளியிடுங்கள். உங்கள் கேமிலேயே அதிகம் பேர் விரும்பிய படம் அதுவாகத்தான் இருக்கப்போகிறது. பழைய பதிப்புத் தரவென்றால் இன்னொரு சலுகையும் உண்டு. ரேடார் பார்க்க முடியாத செங்குத்துச் சரிவுகளில் -32768 என்ற எண் இருக்கும். “இங்கே தரவு இல்லை” என்பதற்கான குறி அது. கேம் இன்ஜின் அதை உயரம் என்று நம்பி 32 கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிக் கொடுக்கும். மரியானா அகழியே அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பிறகு இதை ஹைட்மேப் எனப்படும் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்ற வேண்டும். வெள்ளை என்றால் உச்சி, கறுப்பு என்றால் அடிவாரம். 16 பிட் படமாகச் சேமித்தால் 65,536 படிநிலைகள் கிடைக்கும். ஆனால் நீங்கள் வழக்கம்போல 8 பிட் ஜேபெக்காகத்தான் சேமிப்பீர்கள். 256 படிநிலைகள்தான். 1,600 மீட்டர் வரை போகும் ஃபைலில் ஒவ்வொரு படியும் ஆறு மீட்டருக்கு மேல் வரும், மலை முழுக்கக் கோயில் குளத்துப் படித்துறையாகிவிடும். “பழங்குடிகளின் படிக்கட்டு விவசாயம்” என்று கதையில் ஒரு வரி சேர்த்துச் சமாளிக்கலாம்.

இன்ஜினுக்குள் இறக்கியதும் மலைகள் ஊசிகளாக நிற்கும். அன்ரியல் இன்ஜின் சொந்தக் கணக்கில் ஒரு புள்ளிக்கு ஒரு மீட்டர் அகலம், மொத்தத்தில் 512 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளும். உயரம் மூன்றில் ஒன்றாகவும் அகலம் முப்பதில் ஒன்றாகவும் சுருங்கினால் ஏற்காடு ஈட்டியாகாமல் என்ன செய்யும்? அகலத்துக்கு 3000, உயரத்துக்கு 312.5 என்று எண்களை மாற்றுங்கள். இப்போது எல்லாம் அசல் அளவு. பிரச்சினையும் இப்போதுதான் ஆரம்பம். அசல் அளவில் மலை திரையில் வெறும் மேடாகத் தெரியும். பேருந்து ஜன்னலில் கழுத்தை வளைத்துப் பார்த்த மலை இதுதானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். ஃபைலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 110 கிலோமீட்டர். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் நடக்கும் வீரன் போய்ச்சேர 22 மணி நேரமாகும். சேலத்தையும் ஏற்காட்டையும் வெட்டி எறிந்துவிட்டு, உயரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். சபதத்தைக் கேட்டவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

கிட்டே போய்ப் பார்த்தால் நிலம் பெரிய பெரிய முக்கோணங்களாக இருக்கும். வீரன் காலூன்ற மீட்டருக்கு ஒரு புள்ளியாவது வேண்டும். உங்களிடம் இருப்பது 30 மீட்டருக்கு ஒன்று. நீளத்துக்கு 30, அகலத்துக்கு 30 என்று பெருக்கினால், 900 புள்ளிகளில் ஒன்று விண்ணோடம் அளந்தது, மீதி 899 நீங்கள் அளந்துவிட்டது. கூச்சப்படாதீர்கள். மழை அரிப்பைப் போலியாகச் செய்துதரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை ஐந்து நிமிடத்தில் பத்தாயிரம் ஆண்டு மழையைப் பெய்வித்து, கொல்லிமலையில் இல்லாத ஓடைகளை வெட்டிக் கொடுக்கும். அந்த ஒற்றைப் புள்ளியாவது தரைதானா என்று கேட்காதீர்கள். அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டின் இலைக்கூட்டத்தைத் துளைத்து முழுசாகத் தரைக்கு வராது, பாதியிலேயே திரும்பிவிடும். ஆக, சோலைக்காடு இருக்கும் இடத்தில் நீங்கள் நிலம் என்று நம்புவதில் மரமும் சேர்ந்திருக்கிறது. அதன்மேல் இன்னும் நாற்பதாயிரம் மரங்களை நடப்போகிறீர்கள்.

வளைவுகளைக் கேட்டீர்கள் அல்லவா? ஆறேழு மீட்டர் அகலச் சாலை 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது. எழுபதில் ஒன்றுகூட வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற தன்னார்வலர் வரைபடத்திலிருந்து சாலைக் கோட்டை எடுத்து மலைமேல் போர்த்துங்கள். சாலை பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்து, இரண்டாவது வளைவிலேயே லாரியைக் கீழே கொட்டும். ஒவ்வொரு வளைவுக்கும் மலையைக் கையால் வெட்டிச் சமன்செய்ய வேண்டியதுதான். நெடுஞ்சாலைத் துறையும் அதைத்தான் செய்தது, ஆனால் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. அந்த வரைபடத்தில் பிழை இருந்தால் திருத்தவும் வேண்டாம். மெல்போர்ன் புறநகர் ஒன்றில் 2 மாடிக் கட்டடத்துக்கு யாரோ 212 என்று தட்டிவிட, 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் அங்கே வானத்தைக் குத்தும் ஒற்றைக் கோபுரம் முளைத்தது. விமானம் ஓட்டியவர்கள் அதைத் தேடிப்போய்ப் படம் எடுத்தார்கள்.

குகை நடக்காது. ஹைட்மேப்பில் ஒரு புள்ளிக்கு ஒரே உயரம்தான், கூரையும் தரையும் ஒரே இடத்தில் இருக்க அதில் வழியில்லை. சித்தர்கள் ரேடாருக்குத் தப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அருவியின் செங்குத்துப் பாறையும் சறுக்குமரச் சரிவாகத்தான் வரும்.

இவ்வளவு தொல்லை இல்லாமல் ஒரு நாட்டையே ஒன்றுக்கு ஒன்று அளவில் இறக்கியவர்களும் உண்டு. 2014-இல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை நாடு முழுவதையும் மைன்கிராஃப்டில் கட்டியது. அன்றைய மைன்கிராஃப்டின் உச்சவரம்பு 256 கட்டங்கள். டென்மார்க்கின் மிக உயர்ந்த இடம் 171 மீட்டர். மலை இல்லாத நாட்டில் பிறந்திருந்தால் உங்களுக்கும் வேலை சுலபம். ஆனாலும் அவர்களும் தப்பவில்லை: வெடி வைக்க முடியாதபடி தடுத்திருந்தும், சுரங்க வண்டியில் இருந்த டைனமைட்டைத் தடுக்க மறந்ததால், சிலர் உள்ளே புகுந்து ஊர்களைத் தகர்த்து அமெரிக்கக் கொடி நட்டார்கள்.

நேரில் போய்ப் பார்த்தால் துல்லியம் கூடுமே என்று தோன்றும். ஆர்மா 3 என்ற போர் கேமின் தீவு கிரேக்கத்தின் லெம்னோஸை வைத்துக் கட்டியது. 2012 செப்டம்பரில் அந்த கேமை உருவாக்கிய செக் நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் லெம்னோஸுக்குப் போனார்கள். ராணுவ இடங்களைப் படமெடுத்த உளவாளிகள் என்று கைதானார்கள். விடுமுறைக்கு வந்தோம் என்று சொல்லியும் நான்கு மாதத்துக்கு மேல் சிறை. 2013 ஜனவரியில்தான் ஜாமீன். கேமில் அந்தத் தீவு அல்டிஸ் என்று பெயர் மாறியது. கொல்லிமலையில் உங்கள் கேமராவைப் பறிக்க ஆர்வம் காட்டுவது குரங்குகள் மட்டுமே.

கேம் வெளியானதும் முதல் விமர்சனம் வரும்: “எல்லாம் சரி, இந்த ஒரு குன்று மட்டும் நம்பும்படியாக இல்லை.” அவர் இணைத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் கைவைக்க மறந்து, விண்ணோடம் அளந்தபடியே விட்டுவைத்த ஓரத்துக் குன்றாக இருக்கும். மன்னிப்புக் கேட்டு, அடுத்த அப்டேட்டில் அதையும் சரிசெய்து அனுப்பிவிடுங்கள். “முற்றிலும் அசல் தரவு” என்ற விளம்பர வாசகம் அப்படியே இருக்கட்டும்.