சுவருக்கு உண்டு, பைக்குக்கு இல்லை

இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கல்யாண மண்டபத்தில் நமக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருக்கும். காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் வியாபாரத்தின் முதல் வாக்கியமே, "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..." என்றுதான் ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள், "விளக்கு வைக்கிற நேரத்துல வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று உள்ளே இருந்து பாட்டியின் குரல் வந்துவிடும். இப்படிப்பட்ட வீடுகளில் வளரும் பிள்ளைகள் இன்டெக்ரேஷன் வரை போட்டுவிடுகிறார்கள். பாலிசியில் எந்தத் தேதி எதற்கு என்பது மட்டும் தெரியாது.

என் அக்கா மகன் அந்த ரகம். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். காலேஜில் சேர்ந்தபோது அத்தான் வாங்கிக் கொடுத்த புது பைக்கை, தெருமுனை வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் கொண்டுபோய் முட்டினான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பைக்குக்கு ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட் ஒயரில் தொங்கியது. சுவரில் நாலைந்து செங்கல் பெயர்ந்தது. அன்றைக்குத்தான் தாய்மாமன் ஞாபகம் வந்தது.

"அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டியாச்சு மாமா. கிளைம் மட்டும் பண்ணிக் குடுங்க."

போனில் இருந்த பாலிசியை வாங்கி, விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு தேதிகள். தேர்ட் பார்ட்டிக்கு ஐந்து வருடம்; 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம், உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குக் கீழே 'ஓன் டேமேஜ்' என்று இன்னொரு வரி. அது ஒரே ஒரு வருடம். போன மாதமே முடிந்துவிட்டது.

"நீ முதல் ஆள், கம்பெனி ரெண்டாவது ஆள், நீ போய் இடிக்கிறது மூணாவது ஆள். சட்டம் கவலைப்படுறது அந்த மூணாவது ஆளைப் பத்தித்தான்."

"அப்ப சுவர்?"

"சுவர் மூணாவது ஆளோட சொத்து. டூவீலர் இடிச்ச சொத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் உண்டு."

"பைக்?"

"அது உன்னோடது. அதுக்கு ஒண்ணும் கிடையாது."

செங்கல் பெயர்ந்த அந்தச் சுவரை அவன் பொறாமையோடு பார்த்தான். சுவர்க்கார அம்மாளும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கெல்லாம் அலையத் தயாராக இல்லை. கொத்தனார் கூலியையும் சிமென்ட் விலையையும் அத்தானிடம் கையோடு வாங்கிக்கொண்டு, "பையன் பத்திரமா இருக்கானே, அது போதும்" என்று ரசீது இல்லாமல் ஒரு ஆறுதலும் கொடுத்தார்.

செய்தி ஹாஸ்டலில் பரவியது. அடுத்த ஞாயிறு மருமகன் தன் பட்டாளத்தோடு வந்து இறங்கினான். ஏஜென்ட் வீட்டுக்கு ஆட்கள் தாமாக வந்ததைப் பார்த்த அதிர்ச்சியில் என் மனைவி வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைத்துவிட்டாள்.

முதல் கேள்வி கேட்டவனிடம் இன்சூரன்ஸே இல்லை. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 4,000, ஜெயிலுக்கும் சட்டத்தில் இடமுண்டு என்றேன். அது அவனை அசைக்கவில்லை. யார் மீதாவது மோதி, லட்சக்கணக்கில் நஷ்டஈடு என்று தீர்ப்பு வந்தால், கம்பெனி கட்டவேண்டியதை அப்பா கட்டவேண்டும் என்றதும் பஜ்ஜியைக் கீழே வைத்தான். இன்னொருவனின் தம்பி பிளஸ் ஒன் படித்துக்கொண்டே அண்ணன் வண்டியை ஓட்டுகிறானாம். லைசென்ஸ் இல்லாத கையில் வண்டி இருந்தால் கிளைமை மறந்துவிட வேண்டியதுதான். அதோடு, சிறுவனிடம் வண்டியைக் கொடுத்த பெரியவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. "எங்கப்பாவுக்கா?" என்று கேட்டான். அந்தக் குரலில் கவலையைவிட ஆர்வம் கொஞ்சம் தூக்கலாக இருந்ததாக எனக்குப் பட்டது.

அடுத்து ஹெல்த் இன்சூரன்ஸ். அப்பா அம்மா எடுத்த குடும்பப் பாலிசியில் பிள்ளைகளைப் பெரும்பாலும் 25 வயது வரை சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன், வீட்டில் பாலிசி இருக்கிறதா, அதில் தன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். ஒல்லியாக இருந்தவன், "வயித்துவலி வந்ததும் எடுத்துக்கலாம்ல மாமா?" என்றான். எடுக்கலாம், ஆனால் விபத்தைத் தவிர மற்றதற்கு முதல் 30 நாள் ஒன்றும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருக்க வைப்பார்கள்.

ஒருவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். "அதைச் சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க" என்றான். நம் வீடுகளில் பாலிசி விண்ணப்பத்தையும் ஜாதகப் பரிமாற்றம் மாதிரியே நினைக்கிறார்கள். எதை மறைக்கிறோமோ அதுதான் சாமர்த்தியம். கல்யாணத்திலாவது தெரிந்த பிறகு சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசிச் சமாதானம் செய்வார்கள். கம்பெனி உட்காராது. ஆஸ்பத்திரியின் பழைய சீட்டு ஒன்றைக் காட்டி, பணத்தை மறுத்துவிடும். கேட்ட கேள்விக்கு உண்மையை எழுதினால் பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான்.

கடைசியில் ஆயுள் காப்பீடு. பட்டாளத்திலேயே வாட்டசாட்டமானவன், "நாமினியா யாரை வேணும்னாலும் போடலாமா?" என்று கேட்டு, காது மடல் சிவக்கத் தரையைப் பார்த்தான். உறவு முறை என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் என்ன எழுதுவாய் என்றேன். "இன்னும் சொல்லல மாமா" என்றான். முதலில் அங்கே சொல்லிவிட்டு வா என்று அனுப்பினேன்.

அப்புறம் சொன்னதைத்தான் என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் சம்பளத்தை நம்பி யாரும் இல்லாதவரை உங்களுக்குப் பெரிய பாலிசி அவசரமில்லை. கல்விக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால், வேலை கிடைத்ததும் ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். சேமிப்பு வேறு, காப்பீடு வேறு. சொந்தக்கார ஏஜென்ட் முகத்துக்காக வருடக்கணக்கில் கட்டும் பாலிசியில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் சில வருடங்களில் நிறுத்தினால் கட்டியதே முழுதாகத் திரும்பாது. போட்டுவிட்டால் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சமையலறையில் கரண்டி ஒன்று தேவைக்கு அதிகமான சத்தத்தோடு விழுந்தது. இரண்டாம் ஈடு பஜ்ஜி வரவில்லை.

போவதற்குள் எல்லோரையும் ஒன்று மட்டும் செய்ய வைத்தேன். 18 வயது ஆனவர்கள் பேங்க் ஆப்பைத் திறந்து, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்தார்கள். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். ஏஜென்டுக்கு அதில் காலணா கிடைக்காது என்பதைச் சொன்னதும்தான் பையன்களுக்கு முழு நம்பிக்கை வந்தது.

மே மாதக் கடைசியில், மறு வருடத்துக்கான தொகையைப் பேங்க் தானாக எடுத்துக்கொண்டபோது மருமகன் போன் செய்தான்.

"மாமா, இன்னொரு 20 ரூபா பிடிச்சுட்டாங்க. வருஷம் பூரா எனக்கு ஒண்ணுமே ஆகல. காசு தண்டம்."

"ரொம்ப சந்தோஷம் மருமகனே. எழுபது வயசு வரைக்கும் வருஷா வருஷம் இப்படியே தண்டமாப் போகட்டும்."

"எழுபதுக்கு அப்புறம்?"

"அந்தத் திட்டத்துல அதுக்கு மேல சேர்த்துக்க மாட்டாங்க. அப்ப மாமாகிட்ட வா."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கணக்குப் போடுகிறான் போலிருக்கிறது.

"மாமா, அப்ப உங்களுக்கு நூறு தாண்டியிருக்குமே?"

விளக்கு வைக்கிற நேரம். போனை வைத்துவிட்டேன்.