பூதங்கள் சிரித்தது ஒரு குற்றமா?

மண்ணூரைச் சுற்றி இன்று கார் உதிரிபாகக் கம்பெனிகள். ஒரு காலத்தில் இந்த வட்டாரமே பூதங்களின் கையில் இருந்தது என்றால், ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன் நம்பமாட்டான். பக்கத்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பழைய பெயர் பூதபுரி. தலபுராணப்படி, கயிலையில் சிவபெருமான் ஆடிய வேகத்தில் ஆடை நெகிழ்ந்தது, பூதகணங்கள் சிரித்துவிட்டன, 'கயிலையை விட்டுப் போங்கள்' என்று சாபம்.

பூதங்கள் தரப்பை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூத்த பூதம் இப்படித்தான் புலம்பியிருக்கும்:

"சிரிச்சது வாஸ்தவம்தாங்க ஐயா. திசைதான் அவருக்கு ஆடைன்னு அடியாருங்க பாடினா வரம் கிடைக்குது. அதையே பார்த்து நாங்க சிரிச்சா சாபமா? முதல்ல சிரிச்சது குண்டோதரன். அவன் சோறு வந்தாலே சிரிப்பான், அதெல்லாம் கணக்கா? யுகயுகமா மத்தளம் தட்டினோம், ஒரு நாள் லீவு கேட்டிருப்போமா? நோட்டீஸ் இல்ல, விசாரணை இல்ல, அன்னிக்கே கேட்டுக்கு வெளிய! நந்தி வேற, ஐடி கார்டைப் பிடுங்காத குறையா முறைச்சுக்கிட்டு நின்னாரு."

வேலை போன கோஷ்டி இங்கே வந்து திருமாலை நோக்கித் தவம் கிடந்தது. அவர் தம் பாம்பணையான அனந்தனை விட்டு ஒரு குளம் உண்டாக்கினார். அதில் முங்கி எழுந்ததும் சாபம் தீர்ந்தது. முங்கினால் போகிற குற்றத்துக்கா அத்தனை நாள் தவம் என்று குண்டோதரன் முணுமுணுத்திருப்பான். மியாசாகியின் 2001-ஆம் ஆண்டு அனிமே 'ஸ்பிரிட்டட் அவே'யில் நாற்றமெடுத்த ஆவி ஒன்று குளித்து எழுந்து ஆற்றுத் தெய்வமாகப் பறக்கும். படத்துக்கு ஆஸ்கரே கிடைத்தது. நம்மாட்கள் அதைப் பச்சைத் தண்ணீரிலேயே முடித்தவர்கள்.

கதை கட்டியவர் வைணவர் என்பதைச் சொல்லவே வேண்டாம். சிவன் துரத்திய ஆட்களைப் பெருமாள் சேர்த்துக்கொள்கிறார். அவர்களும் நன்றிக்கு ஆதிகேசவருக்குக் கோயிலும் ஊரும் கட்டித் தருகிறார்கள். கூலி பற்றிப் புராணத்தில் பேச்சே இல்லை.

குளம் வெட்டிய அந்த அனந்தனே 1017-இல் இதே ஊரில் இராமானுசராக அவதரித்தார் என்பது வைணவர் நம்பிக்கை. அவருக்குச் சந்நிதி உண்டு, உற்சவம் உண்டு. ஊரைக் கட்டியவர்களுக்கு மிஞ்சியது அந்தப் பழைய பெயர் மட்டும்தான். சித்திரைத் திருவாதிரைக்குப் போகிறவர்கள், அந்தக் கான்ட்ராக்ட் கோஷ்டிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.