அன்று கீழே, இன்று மேலே

இஸ்தான்புல்லுக்கு நான் தனியாக முதலில் போனது 2011-ல். விடுதியில் பையை வைத்துவிட்டு நேரே ஹாகியா சோபியாவுக்கு நடந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கனத்துப் பருத்த கட்டடம்தான். எதிரில் நிற்கும் நீல மசூதியின் ஒயில் அதற்கில்லை. பேரரசர் வாசலைத் தாண்டியதும் தலை தானாக அண்ணாந்தது.

55 மீட்டர் உயரத்தில் குவிமாடம். அதன் அடிவிளிம்பில் 40 சன்னல்கள். அவற்றின் வழியே வரும் வெளிச்சத்தில், அத்தனை பெரிய செங்கல் கூரை எதன்மேலும் அமராமல் நிற்பதாகத் தோன்றியது. 532-ல் தொடங்கி 537-ல் கட்டி முடித்திருக்கிறார்கள். நம் தஞ்சைப் பெரிய கோயிலைவிட 470 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. முதல் குவிமாடம் 558-ல் இடிந்தபோது, இன்னும் உயர்த்தியே மறுபடி எழுப்பினார்கள்.

அப்போது அது அருங்காட்சியகம். தேய்ந்து வழவழத்த பளிங்குத் தரையில் நின்றால், மடியில் குழந்தையோடு மரியாளும், அல்லா, முகம்மது என்ற பெயர்கள் தாங்கிய மாபெரும் வட்டப் பலகைகளும் ஒரே பார்வையில் தெரியும். தேவாலயமாகப் பிறந்து, 1453-ல் மசூதியான அந்த இடத்தின் முழுக் கதையும் அந்த ஒரு பார்வையில் இருந்தது. க்லி என்ற மாறுகண் பூனை யாரையும் சட்டை செய்யாமல் உலவிக்கொண்டிருந்தது. ஒபாமா தடவிக் கொடுத்த பூனை அது.

2020 ஜூலையில் கட்டடம் மீண்டும் மசூதியானது. அதே ஆண்டு நவம்பரில் க்லி இறந்துபோனது.

2024-ல் மறுபடி போனேன். தொழ வருவோருக்குக் கீழ்த்தளம், கட்டணமில்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ, தனி வாசல், மேல்மாடம் மட்டும். படிகளே இல்லாத பழைய கற்சரிவில் ஏறிப் போக வேண்டும். மேலேயும் செல்வம் உண்டு: பாதி சிதைந்தும் ஏசுவின் முகம் கலையாத வண்ணக்கல் ஓவியம், கைப்பிடிப் பளிங்கில் ஹால்ஃப்தான் என்ற வைக்கிங் வீரன் கீறிவிட்டுப் போன எழுத்துகள். அன்றும் இவற்றைப் பார்த்தேன். ஆனால் கீழே நின்று நெஞ்சு நிறைந்த பிறகு பார்த்தேன்.

கைப்பிடியோரம் நின்று கீழே பார்த்தேன். பளிங்கு முழுக்கப் பச்சைக் கம்பளம். ஒரு முதியவர் தொழுதுகொண்டிருக்க, பேரக்குழந்தைகள் அவரைச் சுற்றி ஓடினார்கள். பார்க்க நிறைவாக இருந்தது. வழிபாட்டுக்கென்று கட்டிய இடத்தில் வழிபாடு நடப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருகிறவர்களை இரண்டு தளங்களாகப் பிரித்ததில்தான் வருத்தம். முதல்முறை வரும் ஒருவருக்கு அந்த உயரம் இனி எப்படிப் புரியும்? மேல்மாடத்திலிருந்து பார்த்தால் அந்த உயரத்தில் ஒரு பகுதி நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது.

தொழுகை இல்லாத வேளைகளிலாவது அந்தத் தரையை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும்.