ஐகானும் அனுபோக பாத்தியதையும்

லினக்ஸ் கணினி வைத்திருப்பவருக்கு அதன் கருவைக்கூடத் திறந்து திருத்தும் உரிமை உண்டு. மூலநிரல் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. இருந்தும் அந்த மாபெரும் உரிமையைக் கொண்டு பலர் செய்யும் முதல் காரியம், அநேகமாக ஒரே காரியம், பயர்பாக்ஸ் உலாவியின் நரிப்படத்தை எடுத்துவிட்டு அங்கே வேறொரு நரிப்படத்தை வைப்பதுதான். இதை வேலையற்றவர் வேலை என்று ஒதுக்குவது அறிஞர் வழக்கம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஐகான் மாற்றுவது அழகுணர்ச்சி பற்றிய விஷயமே அல்ல. அது சொத்துரிமை பற்றியது. பிறர் கட்டிய இடத்தில் குடியிருப்பவர், இடத்தில் பங்கு கேட்காமலே ‘இங்கே இருப்பது நான்’ என்று பதிவு செய்யும் முறை அது. சட்டத் தமிழிலிருந்து சொல்லைக் கடன் வாங்கி இதை அனுபோக பாத்தியதை என்று அழைக்கலாம்.

குடியிருப்பவரின் இந்தப் பதிவுக்குச் சான்று தேடினால் நவி மும்பையின் வாஷியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1970-இல் தொடங்கப்பட்ட சிட்கோ என்னும் அரசு நகரமைப்பு நிறுவனம், வரைபடத்தில் கோடு போட்டு, செக்டர் செக்டராக எண் கொடுத்து எழுப்பிய நகரம் இது. 1992-இல் மும்பையின் ஹார்பர் லைன் ரயில் கடல்கழியைத் தாண்டி வந்தது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இடம் போதாத தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவும் ஒரு போக்கிடமானது. இங்கே வாடகைக்குக் குடிவருபவர் கையெழுத்திடுவது ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ பத்திரம். வழக்கமாக 11 மாதத்துக்கு. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற மத்தியச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பிறந்த எண் அது. எத்தனை மாதமானாலும் பதிவு கட்டாயம் என்று மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-இன் 55-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 11 மட்டும் போகவில்லை. இந்தப் பத்திரத்தின் தன்மையை 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் 52-ஆம் பிரிவில் விளக்குகிறது: பிறர் சொத்தில் ஒன்றைச் செய்துகொள்ள அனுமதி உண்டு, சொத்தில் பாத்தியம் இல்லை. ஆகவே சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். கீழ்த்தளத்துப் பலகையில் சொசைட்டி என்னும் குடியிருப்புச் சங்கம் எழுதிவைப்பது வீட்டுக்காரரின் பெயரை. (மாதுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி என்னும் பெரிய முன்பணம் கொடுத்துக் குடியிருப்பவர் கதை வேறு, அவர் பாதி முதலாளி, அவரை இந்த ஆய்வு தொடாது.) வாஷி வாடகைதாரருக்கு மிஞ்சுவது வாசற்கதவின் வெளிப்பக்கம். மாவிலைத் தோரணம், கோல ஸ்டிக்கர், பிள்ளையார் படம் எல்லாம் அங்கே வந்து குவிவது பக்தியால் மட்டும் அல்ல.

கணினிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். லினக்ஸின் பட்டியலில் ஐகானோடு தோன்றும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சின்ன உரைக்கோப்பு உண்டு. அதில் பெயருக்கு ஒரு வரி, இயக்கும் கட்டளைக்கு ஒரு வரி, ஐகானுக்கு ஒரு வரி. இந்தக் கோப்புகள் ரூட் என்னும் வீட்டுக்காரரின் வசமுள்ள அடைவில் இருக்கின்றன. அதே பெயரில் ஒரு நகலெடுத்து, பயனர் தம் சொந்த அடைவுக்குள் மறைந்திருக்கும் ‘லோக்கல்’ அடைவில் அதற்குரிய இடத்தில் வைத்து, ஐகான் வரியை மட்டும் மாற்றினால் போதும். கணினி பயனருடையதை எடுத்துக்கொண்டு மூலத்தைத் தொடாமல் விட்டுவிடும். 2000-இல் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம் வகுத்த விதிகள் இவை. லினக்ஸின் திரைமேசைச் சூழல்களான க்னோமும் கேடிஇயும் எதில் முரண்பட்டாலும் இதில் ஒத்துப்போகின்றன. வீட்டுக்காரரின் கதவு அப்படியே இருக்க, தோரணம் மட்டும் நம்முடையது. சிலர் நிர்வாகியின் கடவுச்சொல்லைப் போட்டு மூலக்கோப்பையே திருத்துகிறார்கள். அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று புலம்புவோர் இவர்களே. கதவை உளியால் செதுக்கியவருக்காக இக்கட்டுரை வாதாடாது.

ஐகான் அற்பமானது என்போருக்கு டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் தகராறை நினைவூட்ட வேண்டும். பயர்பாக்ஸின் நிரல் எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தில் வந்தது. அதன் சின்னம் அப்படி வரவில்லை. சுதந்திரமற்ற ஒரு படத்தைச் சேர்க்க டெபியனின் கொள்கை இடம் தரவில்லை. சின்னம் இல்லாமல் பெயரைப் பயன்படுத்த, பயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லா சம்மதிக்கவில்லை. முடிவில் 2006-இல் அதே உலாவி, கிட்டத்தட்ட அதே நிரலோடு, ஐஸ்வீசல் என்ற புதுப் பெயரும் புதுப் படமும் பூண்டு டெபியனில் உலவத் தொடங்கியது. பழைய பெயருக்குத் திரும்ப 2016 ஆயிற்று. நிரல் முழுவதையும் ஊருக்குக் கொடுத்த உரிமையாளர் கொடுக்காமல் பிடித்துவைத்த ஒன்று, விரற்கடை அளவுப் படம். சொத்து எங்கே இருக்கிறது என்பது சொத்துக்காரருக்குத்தான் தெரியும். குடியிருப்பவரின் கையும் தானாக அங்கேயே போகிறது என்றால் அது அற்பத்தனம் ஆகாது, கூர்மை.

இனி மறுப்புகள். ஐகான் என்பது செயலியின் அடையாளம், அதை மாற்றுவது ஆக்கியோனுக்குச் செய்யும் அநீதி என்பாரும் உளர். 2019-இல் க்னோம் செயலிகளை எழுதுவோர் பலர் கூடி, எங்கள் செயலிகளின் தோற்றத்தையும் ஐகானையும் மாற்றாதீர்கள் என்று பகிரங்கக் கடிதமே எழுதினர். மறுப்புகளில் இதுவே வலுவானது. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஆனால் கடிதத்தை முழுதும் படித்தால், அது லினக்ஸ் வெளியீட்டாளர்களை நோக்கியது என்பது தெரியும். தம் சொந்தக் கணினியில் எதையோ நோண்டிக்கொண்டிருப்பவர்மேல் எங்களுக்கு வழக்கில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதாவது சொசைட்டி முழுவதன் கதவுகளுக்கும் ஒரே நாளில் பச்சை அடிக்காதே என்பதுதான் கோரிக்கை. தனி வீட்டுத் தோரணத்தை அவர்களும் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளலாம்.

படத்துக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை அறுத்தால் குழப்பம் வராதா எனின், முதலில் அந்தத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர்களை இடுகுறி என்றும் காரணக்குறி என்றும் நன்னூலார் பகுத்தார். ஐகான்களுக்கும் அந்தப் பகுப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. விஎல்சி என்னும் படம்காட்டிக்குச் சாலையில் வைக்கும் கூம்பு ஐகான் ஆனது, அதை உருவாக்கிய பாரிஸ் கல்லூரி மாணவர்கள் கூம்புகளைச் சேர்த்துவைத்திருந்ததால். கூம்புக்கும் சினிமாவுக்கும் என்ன உறவு? சுத்தமான இடுகுறி. சேமிக்கும் பொத்தானில் உள்ள ஃபிளாப்பி காரணக்குறியாகப் பிறந்தது. சோனி நிறுவனம் 2011-இல் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையையே நிறுத்தியது. வாஷியின் 11 மாதம் போல, காரணம் போன பின்னும் குறி நிற்கிறது. இடுகுறியை இட்டவர் ஒருவர் என்றால் இன்னொருவரும் இடலாம். குழப்பம் வரும் என்ற அச்சத்துக்கு மும்பையே விடை சொல்லியிருக்கிறது. 2019-இல் மேற்கு ரயில்வே, மகளிர் பெட்டிகளில் இருந்த முக்காடிட்ட சேலைப் பெண்ணை எடுத்துவிட்டு நவீன உடைப் பெண்ணை வரைந்தது. 2020-இல் தாதர் பகுதிச் சிக்னல்களில் நடந்துபோகும் ஆண் உருவத்துக்குப் பாவாடை வந்தது. அதற்காகச் சாலையைக் கடக்க முடியாமல் எவரும் நின்றுவிடவில்லை.

நேர விரயம் என்ற மறுப்பு நீண்ட விடைக்குத் தகுதியற்றது. செயலியின் முதல் இரண்டெழுத்தைத் தட்டித் திறப்பவர் ஐகானைப் பார்ப்பதே இல்லை. அவரளவில் ஐகான் ஏற்கெனவே பயனிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வு பெற்றதை அலங்கரிப்பதால் எந்த வேலையும் கெடாது.

ஒரே கணினியைப் பலர் புழங்கும் வீட்டின் நிலைமை சற்றுக் கடினம். மருமகன் மாற்றிய ஐகானால் மாமியாருக்கு அஞ்சல் செயலி அகப்படாமல் போகலாம். இதற்கும் விதிகளிலேயே வழி இருக்கிறது. மாற்றம் அவரவர் சொந்த அடைவுக்குள் இருப்பதால் மாமியாருக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுத்தால் சண்டை தீர்ந்தது. அது முடியாத இடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு, அதைப் பயன்படுத்துவோர் அரிது. பெயர் வரியைப் போலவே ஐகான் வரியையும் மொழிக்கு ஒன்றாக எழுத ஃப்ரீடெஸ்க்டாப் விதி அனுமதிக்கிறது. கணினியைத் தமிழில் வைத்தால் ஒரு படம், மராத்தியில் வைத்தால் வேறு படம், ஆங்கிலத்தில் அந்தப் பழைய நரி. பெயர் வரியில் தமிழ் வந்து பல்லாண்டு ஆகிவிட்டது. தமிழுக்கென்று தனி ஐகான் வரி எழுத விரும்புவோர் 48 புள்ளி அகலமும் 48 புள்ளி உயரமும் உள்ள படம் ஒன்றை வரைந்தால் போதும். குறைந்தபட்சமாக அந்த அளவையாவது வையுங்கள் என்றுதான் விதியும் கேட்கிறது.