உப்புக் காற்றில் ஒரு கான்டெஸா

அமெரிக்காக்காரனுக்கு மஸில் கார் என்றால் 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ. 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத்திறன். நமக்கு வாய்த்தது இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. 1984-ல் வந்தபோது உள்ளே இருந்ததோ நம்ம அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரை. பார்த்தால் மிரட்டும், ஏற்றத்தில் கெஞ்சும். பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியதும்தான் வண்டிக்கு மூச்சு வந்தது. அதனாலென்ன? நீளமான பானெட்டும் நாலு உருண்டை விளக்குமாக வந்து நிற்கும் அந்தக் காரிலிருந்து சினிமா வில்லன் மாதிரி இறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம் ஒன்று விலைக்கு வந்தது. இசுஸு எஞ்சின், புதுப் பெயின்ட். மச்சான் சுற்றி வந்து பார்த்து, "கெத்தா இருக்கு மாப்ள, முடிச்சிரு" என்றான். முடித்தேன்.

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும் ஏலம் எடுத்தவன் தலையெழுத்து. 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றாலும் அந்த வியாபாரத்தைப் பழைய கார் புரோக்கர்கள் இன்னும் காப்பாற்றி வருகிறார்கள்.

மெக்கானிக் அண்ணாச்சி எஞ்சினைத் திறக்கவேயில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ் விளிம்பில் வைத்தார். ஒட்டவில்லை, விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"பெயின்டுக்குள்ள பட்டி. பட்டிக்குள்ள ஒண்ணுமில்ல."

சுற்றிலும் உப்பளம், கிழக்கே கடல். ஈரக்காற்றில் வரும் உப்பு, தகட்டின் மடிப்புக்குள் உட்கார்ந்து உள்ளிருந்தே தின்னும். வெளியே பளபளப்பு இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கினால் ரோடு தெரியும்.

"அலாய் வீல், பவர் ஸ்டியரிங், இன்னும் பெரிய எஞ்சின்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பெரிய எஞ்சினை எதுல அண்ணாச்சி உக்கார வைக்க?" என்றார்.

வீட்டில் இன்னும் சுருக்கம்: "ஓடுனாத்தானே திருப்பணும்? அதுக்கெதுக்கு பவர் ஸ்டியரிங்?"

எஞ்சினை மாற்றுவதென்றால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிப்பு வேறு. சரி, பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்து மரியாதை வாங்கலாமென்றால், 2021-ல் வந்த விதிப்படி 50 வயது ஆகியிருக்க வேண்டும். சேஸியும் பாடியும் எஞ்சினும் மாறாமல் இருக்க வேண்டும். முதலில் வந்த கான்டெஸாவுக்கே 2034-ல்தான் அந்த வயது. ஆக, இன்றைக்கு அது கிழவன்தான், ஆனால் பெரியவர் இல்லை. எஞ்சினை மாற்றிவிட்டால் அந்த வயதிலும் இல்லை.

2002-லேயே உற்பத்தி நின்றுபோன கார் என்பதால் உதிரி பாகத்துக்கும் ஊர் ஊராக அலைய வேண்டும். எனவே கடலோரத்தில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் முதல் காசைத் தரைத்தகட்டுக்கு ஒதுக்குங்கள். குதிரைகளைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். விலை பேசப் போகும்போது மச்சானை வீட்டில் விட்டுவிட்டு, டிங்கர் வேலை தெரிந்த ஆளைக் கூட்டிப் போங்கள்.