மணிலா வாத்துக் குஞ்சின் சாதியும் நிறமும்

வாத்துக் குஞ்சு எனப்படுவது, தன்னைக் கையில் எடுப்பவர் எவராயினும் அவர் வாயிலிருந்து “இது என்ன சாதி?” என்ற வினாவையும், பிறர் வாய் திறக்குமுன் அதற்குரிய விடையையும் ஒரே மூச்சில் வரவழைக்கும் ஆற்றல் வாய்ந்த, உள்ளங்கையில் அடங்கும் உயிராகும். இவ்விடைகளுள் பெரும்பாலானவை உறுதியில் மிக்கனவாகவும் ஆதாரத்தில் குறைந்தனவாகவும் இருப்பதால், இத்துறையில் முறையான ஆய்வு ஒன்று தேவைப்படுகிறது.

வீட்டில் வளரும் வாத்துகளுள், பீக்கிங், காக்கி கேம்பெல் போன்ற ஏறக்குறைய அனைத்தும், ஆணுக்குப் பச்சைத் தலை கொண்ட மல்லார்ட் என்னும் காட்டு வாத்தின் வழிவந்தவை. தமிழ்நாட்டில் மணிலா வாத்து என்று வழங்கப்படும் மஸ்கோவி ஒன்றே இதற்கு விலக்கு. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான நிலப்பரப்பைத் தாயகமாகக் கொண்டு, கொலம்பஸ் அங்குக் கால் வைப்பதற்கு முன்பே பழங்குடியினரால் வளர்க்கப்பட்டு, 1758-இல் லின்னேயஸால் அறிவியல் பெயரும் சூட்டப்பெற்ற இப்பறவை தனி இனம். எனவே இதனிடம் சாதி கேட்பவருக்கு இனத்தையே விடையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வினத்துக்குள் எஞ்சி நிற்பது பெரும்பாலும் நிற வேறுபாடுதான். சாதி கேட்டவர் இவ்விடையால் மனநிறைவு அடைவதில்லை.

இனத்தை உறுதிசெய்ய அடைக்காலமே முதற்சான்று. மற்ற வாத்து முட்டைகள் ஏறத்தாழ 28 நாளில் பொரிய, மணிலா முட்டைக்கு 35 நாள் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதவர் கூமுட்டை என்று தூக்கியெறிந்த முட்டைகள் இவ்வாய்வின் வரம்புக்குள் வரும் வாய்ப்பையே இழந்துவிடுகின்றன. இரண்டாம் சான்று நகம். மரக்கிளையில் அடையும் குலத்தில் பிறந்ததாகையால் குஞ்சின் சவ்விட்ட விரல் நுனிகளிலும் ஊசி போன்ற நகங்கள் இருக்கும். அட்டைப்பெட்டியில் விடப்பட்ட குஞ்சு அதன் உட்சுவரைப் பற்றி விளிம்புவரை ஏறி, அங்கிருந்து ஆய்வாளரை எட்டிப் பார்க்குமாயின் ஐயம் பெரிதும் நீங்கும். பெட்டியை மூடியிட்டு வைப்போர் இச்சான்றைத் தாமே அழிப்பவர் ஆவர்.

நிறத்தைத் துணிவதோ இதனினும் கடினம். தூவி, அதாவது குஞ்சின் உடலைப் போர்த்திய மென்மயிர், பெரும்பாலும் மஞ்சளாகவே இருப்பதால், “எல்லாம் வெள்ளையாகத்தான் வரும்” என்னும் கொள்கையினர் தொடக்கத்தில் பெரும்பான்மை பெறுகின்றனர். முழு மஞ்சள் குஞ்சு வெள்ளையாவது உண்மையே. ஆனால் முதுகிலும் வாலிலும் கருமை படர்ந்து, கண்ணின் ஊடே மை தீட்டியது போன்ற கோடும் ஓடினால், அது காட்டு நிறமாகிய கருப்பை நோக்கிச் செல்கிறது என்று கொள்ளலாம். அக்கருமை பழுப்பாக இருந்தால் சாக்லேட். சாம்பலாக இருந்தால் நீலம். நீலம் என்று கேட்டு விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கி வந்ததை வீட்டார் சாம்பல் என்றே அழைப்பது தனி ஆய்வுக்குரியது.

நீலத்தின் இலக்கணம் கணக்கு சார்ந்தது. அதற்குரிய மரபணு ஒருமுறை அமைந்தால் நீலம், இருமுறை அமைந்தால் அதனினும் வெளிறிய வெள்ளி நிறம். ஆதலின் நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று கருப்பு, இரண்டு நீலம், ஒன்று வெள்ளி. சராசரி என்பதைக் குஞ்சுகள் அறியாமையால், கருப்பே மிகுதியாகப் பொரித்த கூட்டின் முன் நின்று விற்றவரைத் திட்டுவோர் மரபியல் விதி வகுத்த மெண்டலுக்கு அநீதி இழைக்கின்றனர். சாக்லேட்டோ பாலோடு பிணைந்தது: சாக்லேட் ஆணையும் கருப்புப் பெட்டையையும் சேர்த்தால் மகள்கள் அனைவரும் சாக்லேட்டாகவும் மகன்கள் அனைவரும் கருப்பாகவும் பொரிப்பர். பொரித்த அன்றே நிறத்தைக் கொண்டே ஆண் பெண் தெரிந்துவிடும் இவ்விடத்தில், வாலைத் தூக்கிப் பார்த்துச் சொல்லும் அனுபவசாலிகளுக்கு வேலையில்லாமற் போகிறது; சேர்க்கையைத் தலைகீழாக்கினால் அவர்கள் மீண்டும் அழைக்கப்படுகின்றனர்.

சில வாரங்களில் தோளிலும் வாலிலும் முளையிறகுகள், அதாவது உறையோடு குச்சிபோல் வெளிவரும் புதிய இறகுகள், எட்டிப் பார்க்கின்றன. உறை பிளந்த நுனியில் தெரியும் நிறமே நம்பத்தக்கது. ஆயினும் இளம் பறவையின் கருப்பு மங்கிய பழுப்பு சார்ந்ததாகவும், பச்சைப் பளபளப்பு குன்றியும், இறக்கையின் வெள்ளைத் திட்டு இல்லாமலோ சிறுத்தோ இருப்பதால், அவசரக்காரர் அதனையும் சாக்லேட் என்று எழுதிவிடுகின்றனர். முதலிறகில் வரிவரியாகத் தெரிந்து, முதிர்ந்தபின் மறையும் நிறவகையும் உண்டு. தலை வெளுக்கும் மரபணு உடையதோ, வளர வளர முகத்தைச் சுற்றி வெள்ளை இறகு கூடிக்கொண்டே போகும். வளர்ப்போர் பதிவேட்டில் நிறத்துக்குரிய கட்டத்தைப் பென்சிலால் நிரப்புவதும், ஓர் ஆண்டு கழியும்வரை அழிப்பானைத் தொலைக்காமல் வைத்திருப்பதும் இவ்வாய்வின் பரிந்துரை.